நல்ல வார்த்தை சொன்னா இறங்கிரும்

இப்படி வந்து உக்காருங்க தம்பி. அந்தச் சேருக்குக் காலு ஆடும், நேத்து ஒருத்தரு விழுந்துட்டாரு. ஐசியூக்குள்ள யாரு, அப்பாவுங்களா? எந்தப் பெட்டு? அட, எங்கூட்டம்மா, எம் பொண்டாட்டிக்கு அடுத்த பெட்டுத்தான். காலைல புதுசா ஒருத்தரைக் கொண்டாந்து போட்டாங்களே, அவருதானா?

ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. நாலு மணிக்கு உள்ள விடுவாங்க. போனதும் அப்பாவைப் பாத்து, "பரவால்லீங்கப்பா, காலைக்கு இப்ப தெளிவா இருக்கறீங்க"ன்னு சொல்ல வாய் வரும். சொல்லிராதீங்க. தலைமாட்டுல டிவியாட்டம் ஒன்னு மாட்டியிருக்காங்கல்ல, அதுல ஆக்சிஜன் எவ்வளவுன்னு ஒரு நம்பர் ஓடும். நல்ல வார்த்தை சொன்னீங்கன்னா பொழுதோட, இருட்டறதுக்குள்ள, அந்த நம்பர் இறங்கிரும். நான் பாத்துப் பாத்து நொந்துபோய்ச் சொல்றேனுங்க.

சிரிக்கறீங்க. மூடநம்பிக்கைன்னு நெனைக்கறீங்க. இல்லீங்க தம்பி, நான் கோயிலுக்கே அதிகம் போகாத ஆளு. இது கணக்கு. என் பேரு நாச்சிமுத்து, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கியூசி. கியூசின்னா தரம் பாக்கறது. துணி வெட்டற எடத்துல இருந்து பொட்டில அடைக்கற வரைக்கும் எங்க தப்பு நடந்தாலும் என் தலையிலதான் விடியும். முப்பது வருஷமா அதே வேலை. ஆளுங்க எப்ப நல்லாச் செய்வாங்க, எப்ப சொதப்புவாங்கன்னு என்னையாட்டம் கணக்கெடுத்துப் பாத்தவன் எவனும் இருக்க மாட்டான்.

எங்க கம்பெனில எட்டு லைனுங்க. லைன்னா தையல் மிஷின் வரிசை. இந்தப் பக்கம் வெட்டுன துணி போகும், அந்தப் பக்கம் முழுப் பனியனா வரும். கடைசில செக்கிங் புள்ளைங்க உக்காந்து தையல் விட்டது, கறை பட்டது, ஓட்டை விழுந்தது எல்லாத்தையும் பிரிச்சுப் போடுவாங்க. நூறு பீசுக்கு எத்தனை டேமேஜுன்னு லைன்வாரியா பொழுதோட எங்கிட்ட வந்துரும். அதை நான் வாசல்ல போர்டுல எழுதிப் போடுவேன். போறவங்க வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க.

ஆரம்பத்துல நானும் மத்தவங்களாட்டம்தான் இருந்தேன். நல்லாச் செஞ்சா மெச்சுவேன். ஒரு நாளு கனகமணின்னு ஒரு புள்ள பாத்துக்கற லைன்ல டேமேஜு சுத்தமாக் கொறைஞ்சு போச்சு. அத்தனை பேரையும் நிறுத்தி வெச்சுக் கை தட்டச் சொன்னேன். அந்தப் புள்ளைக்கு ஒரே வெக்கம். மறுநாள் பாத்தா அவ லைன்லதான் டேமேஜு எகிறி நிக்குது. அதே வாரம் பாக்கியத்தோட லைனு படு மோசம். கூப்புட்டு வைஞ்சேன் பாருங்க, அழுதுட்டே போனா. மறுநாள் சொல்லி வெச்சாப்பல டேமேஜு கொறைஞ்சுது. சரி, ஏதோ ஒரு தடவன்னு விட்டுட்டேன். அப்பறம் கவனிச்சுக் கவனிச்சுப் பாத்தா எப்பவும் அப்படித்தான். மெச்சுனவங்க மறுநாள் கெடறாங்க. வைஞ்சவங்க மறுநாள் தேறறாங்க. எப்பவாச்சும் ஒன்னு ரெண்டு மாறும், அது கணக்குல சேராது.

அன்னைக்கு விட்டேனுங்க மெச்சறதை. வாய்ல நல்ல வார்த்தைன்னு ஒன்னு வந்தா அப்படியே மென்னு முழுங்கிருவேன். கம்பெனில மட்டும் இல்ல, ஊட்டுலயும்தான். ஒரு எடத்துல கண்ட உண்மை இன்னொரு எடத்துல பொய்யாயிருமா?

போன வருஷம் எங்க மொதலாளி சென்னைல இருந்து ஒரு மேடத்தைக் கூட்டிட்டு வந்தாரு. மிருதுளான்னு பேரு. தரத்தை எப்படி மேல கொண்டு வர்றதுன்னு கிளாஸ் எடுக்கறதுக்கு. சின்ன வயசு, நல்லாப் பேசுவாங்க. எங்க போர்டு நம்பர் அத்தனையும் வாங்கி ஒரு கிராஃபு போட்டாங்க. அதுக்கு மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. "சார், இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல நம்பர் தானா ஏறும், தானா இறங்கும். துணி, நூல், ஊசி, வெளிச்சம், மிஷின், இதெல்லாம் சேர்ந்து பண்ற வேலை அது. ஒரு ஆளோட தப்பும் இல்ல, சாமர்த்தியமும் இல்ல. இன்னைக்கு உச்சத்துல நிக்கற நம்பர் நாளைக்கு நீங்க பாராட்டினாலும் இறங்கும், பாராட்டலைன்னாலும் இறங்கும். அடியில கிடக்கறது திட்டினாலும் ஏறும், திட்டலைன்னாலும் ஏறும். கோட்டைத் தாண்டி வெளிய போச்சுன்னா மட்டும் ஓடுங்க, என்ன ஆச்சுன்னு தேடுங்க. உள்ள இருக்கறப்ப யாரையும் திட்டாதீங்க"ன்னாங்க.

நான் எந்திரிச்சு நின்னு, "மேடம், இது நீங்க பொஸ்தகத்துல படிச்சது. நான் கண்ணுல பாத்தது"ன்னேன்.

உடனே அந்தம்மா ஒரு பக்கெட்டு நெறைய வெள்ளைப் பட்டன் கொண்டாரச் சொன்னாங்க. அதுல கொஞ்சம் செவப்புப் பட்டனைக் கலந்தாங்க. செவப்புதான் டேமேஜாம். கண்ணைக் கட்டிட்டு ஒரு டம்ளர்ல மோந்து எடுக்கணும். கனகமணி மோந்ததுல செவப்பு நெம்பக் கம்மி. கை தட்டச் சொன்னாங்க, தட்டுனோம். பாக்கியத்துக்கு எக்கச்சக்கமா வந்துச்சு. "சார், நீங்க வழக்கமா திட்டற மாதிரியே திட்டுங்க"ன்னாங்க. திட்டுனேன், நல்லாத்தான் திட்டுனேன். மறுபடி மோக்கச் சொன்னாங்க. கனகமணிக்குச் செவப்பு ஏறிருச்சு, பாக்கியத்துக்கு எறங்கிருச்சு. ஹாலே சிரிக்குது. மேடம் என்னையப் பாத்து, "இப்பப் புரியுதா சார்?"னாங்க.

"நெம்ப நல்லாப் புரியுதுங்க மேடம். பட்டன்கூட வைஞ்சாத்தான் கேக்குது"ன்னேன்.

அந்தம்மா தலைல கை வெச்சு உக்காந்துட்டாங்க. எல்லாரும் இன்னும் சத்தமாச் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க.

அவங்க போனதுக்கப்பறம் நான் என் வழியிலயே போனேன். போர்டுல நம்பர் எறங்கி எறங்கி ஒன்னுமில்லாமப் போச்சு. மொதலாளிக்குக்கூட ஆச்சரியம். அப்பறம் ஒரு நாளு வேஸ்ட் துணி மூட்டையைத் தூக்கறவன், என்ன இத்தனை கனமா இருக்குன்னு பிரிச்சுட்டான். உள்ள பூராத் தைச்ச பனியன். டேமேஜு பீசை எல்லாம் கணக்குக்கே வராம வேஸ்டுக்குள்ள சொருகியிருக்காளுக. கனகமணியைக் கூப்புட்டுக் கேட்டா, "சொன்னா வைவீங்கன்னு பயமுங்க சார்"ங்கறா. எப்படி இருக்குது பாருங்க. அதுக்கும் சேத்து வைஞ்சேன். அதுக்கப்பறம் மூட்டைல ஒரு பீசு கிடைச்சதில்ல. வேற எங்கயாவது போடறாளுகளான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, உள்ள படுத்திருக்கறாளே எங்கூட்டம்மா சாந்தாமணி, அவளும் இதே வேலைதான் பண்ணியிருக்கறா. காய்ச்சலை மறைச்சிருக்கறா தம்பி. கம்பெனில ஆடிட்டு நடந்துட்டு இருந்துச்சு, நான் வர்றதும் போறதுமா இருந்தேன். ஒரு வாரத்துக்கு மேல காய்ச்சல். இருமல் வந்தாப் பின்கட்டுக்குப் போய் முந்தானையை வாயில வெச்சு இருமிட்டு வந்திருக்கறா. எனக்குச் சோறு போட்டா, சட்டை தேச்சு வெச்சா, ஒன்னும் தெரியலீங்க எனக்கு. ஈரோட்டுல கட்டிக் குடுத்த எம்பொண்ணு சங்கவி ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தவ, அம்மா கையைப் புடிச்சா நெருப்பாக் கொதிக்குதாம். "ஏம்மா சொல்லலை?"ன்னு கேட்டதுக்கு, "அப்பா வைவாருன்னுதான் கண்ணு"ன்னாளாம்.

எங்கியோ கேட்ட பேச்சாட்டம் இருக்குதில்லீங்களா? எல்லாப் பொம்பளைங்களுக்கும் ஒரே புத்தி. மறைக்கறது.

நுரையீரல் பூராச் சளி கட்டிருச்சுன்னாரு டாக்டரு. ரெண்டு மூனு நாளு முன்னாடி வந்திருந்தா இந்த நெலைமைக்கு வந்திருக்காதுன்னாரு.

இங்க கொண்டாந்து போட்டு மறுநாள் என்னைய உள்ள விட்டாங்க. மூக்கு வாய் எல்லாம் மூடி மாஸ்க்கு. அந்த நம்பர் தொண்ணுத்தி நாலுன்னு காட்டுச்சு. நர்சு, நல்ல நம்பருதான்னு சொல்லுச்சு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்தாப்பல இருந்துச்சு. என்னைய மறந்து அவ கையைப் புடிச்சு, "பரவால்ல சாந்தா, தேறிட்ட நீ"ன்னுட்டேன். மாஸ்க்குக்குள்ள சிரிச்சா பாருங்க. கண்ணெல்லாம் தண்ணி. கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷம் ஆச்சு, அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததே இல்ல.

பொழுதோட நர்சைக் கேட்டா எண்பத்தி ஒம்பது.

எனக்கு மண்டைல அடிச்சாப்பல ஆயிருச்சு. முப்பது வருஷமாப் பாத்துட்டு இருக்கற விஷயம், எப்படி மறந்தேன்? வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கணும். மறுநாள் போய்க் காய்ச்சலை மறைச்சதுக்கு வைஞ்சேன். "உனக்கெல்லாம் அறிவிருக்கா, புருஷங்கிட்டச் சொல்ல முடியாதா?"ன்னு நல்லாக் கேட்டேன். கண்ணை மூடிட்டா. பொழுதோட தொண்ணுத்தி மூனு. பாத்தீங்களா? அப்பறமும் ஒரு தடவ சோதிச்சுப் பாக்க எனக்குத் தைரியமில்லீங்க. பனியன்னா சோதிச்சுப் பாக்கலாம்.

அன்னைல இருந்து தெனமும் நாலு மணிக்குப் போறேன், வையறேன், வர்றேன். நர்சு புள்ள சொல்லுது, "சார், அவங்க இருமினா நம்பர் இறங்கும், திரும்பிப் படுத்தா இறங்கும், மாஸ்க் நகர்ந்தா இறங்கும், அப்புறம் தானா ஏறும், நீங்க ஏன் அதையே பாத்துட்டு இருக்கீங்க"ன்னு. அந்த மேடம் பேசுன அதே பேச்சு. படிச்சவங்க எல்லாரும் ஒரே எடத்துல படிப்பாங்களாட்டம் இருக்குது.

சங்கவி எங்கிட்டப் பேசறதையே விட்டுட்டா. "சாகக் கெடக்கற பொம்பளையைப் போய்த் திட்டறீங்களேப்பா, நீங்க மனுசந்தானா?"ன்னு இதே எடத்துல வெச்சுக் கேட்டா. பொட்டுனு அறைஞ்சிருப்பேன், ஆஸ்பத்திரின்னு விட்டேன். அவளுக்கு என்ன தெரியும்? அவ அம்மாவை நெனைச்சு அழறா. நான் அவ அம்மாவைக் காப்பாத்திட்டு இருக்கறேன்.

நேத்து ஒன்னு நடந்துச்சுங்க. அதை நெனைச்சாத்தான் தாங்கல. நான் வைஞ்சு முடிச்சுக் கெளம்பறேன். சாந்தா என் சட்டையைப் புடிச்சு இழுத்தா. மாஸ்க்கைக் கொஞ்சமா ஒதுக்கிட்டு, "மாமா, அன்னைக்குச் சொன்னீங்கல்ல, தேறிட்டேன்னு. இன்னொரு தடவ சொல்லுங்களே"ன்னா. தொண்டை வரைக்கும் வந்துருச்சு தம்பி. நிமிந்து பாத்தேன், நம்பர் தொண்ணூறுல ஆடிட்டு இருக்குது. சொல்லி, அது எறங்கிருச்சுன்னா? யாரு பதில் சொல்றது? "கம்முனு படு, பேச்சு என்ன பேச்சு"ன்னு போட்டு வெளிய வந்துட்டேன். ஆசையில்லாமயா முழுங்குனேன்? அவ மேல உசுரு இருக்கறதனாலதானுங்க முழுங்குனேன். படிக்கட்டுல உக்காந்து வாயை மூடிட்டு அழுதேன். எம்பொண்ணு பாக்கல.

ஆனா இன்னைக்குக் காலைல எண்பத்தி ஆறு. அப்பறம் எண்பத்தி மூனு. எத்தனை வைஞ்சும் எறங்குது. டாக்டரு வந்து, தொண்டைல கொழாய் போடற மாதிரி இருக்கும்னாரு, அப்பறம் வேற என்னமோ சொன்னாரு, எனக்குக் காதுல ஏறல. கோட்டைத் தாண்டி வெளிய போயிருச்சுங்க. அதுக்கு அந்த மேடம் என்ன சொன்னாங்க? ஓடுங்க, தேடுங்கன்னாங்க. அந்த ஒரு விஷயத்துல எனக்கும் அவங்களுக்கும் ஒத்துப் போகுது. காலைல இருந்து தேடிட்டுத்தான் இருக்கறேன். இன்னைக்கு வையறதுக்கு ஒன்னு வேணும் தம்பி. சின்னதா இருந்தா பத்தாது, பெருசா வேணும். ஒன்னுமே கிடைக்க மாட்டேங்குது.

காய்ச்சலை மறைச்சது ஆயிருச்சு. போன்ல சார்ஜ் போடாம விடறது ஆயிருச்சு. பிளாஸ்டிக் டப்பாவை எல்லாம் கழுவிக் கழுவிச் சேத்து வெப்பா, அதுக்கு நேத்து வைஞ்சாச்சு. இனி என்ன இருக்குது?

சமையலுக்கு வையலாம்னு பாத்தா, சோத்துல ஒரு கல்லு கெடந்ததில்ல. நல்லாருக்குன்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்ல, அதனால அவ என் கையைப் பாப்பா. நான் எதை ரெண்டாவது வாட்டி போட்டுக்கறேனோ அந்த வாரத்துக்குள்ள அது மறுபடி வரும். கேட்டுச் செய்யறவ இல்ல, பாத்துச் செய்யறவ. எங்கம்மா படுத்த படுக்கையாக் கெடந்தப்ப நான் பீ மூத்திரம் அள்ளல, என் தங்கச்சி அள்ளல, இவதான் அள்ளுனா. எங்கம்மா கடைசில எம்பேரே மறந்து போச்சு, சாந்தா சாந்தான்னுதான் கூப்புட்டுட்டு இருந்துச்சு. அதுக்கு எப்படி வையறது?

வேலைல ஏதாவது இருக்குமான்னு பாத்தேன். அவ என் லைன்ல ஓவர்லாக் தைச்சவதானுங்க, அப்படிப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன். அவ தைச்ச பீசைத் திருப்பிப் பாக்கவே வேண்டாம். செக்கிங் புள்ளைங்க மேலாப்பல கட்டு கட்டாத் தள்ளிருவாங்க, சாந்தாமணி கட்டுன்னு. தையலு அப்படி ஒரு நேரு. எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்தத் தோள்பட்டைத் தையலை இப்பக் கண்ணை மூடுனாலும் எனக்குத் தெரியும். அன்னைக்கு அவகிட்டச் சொல்லியிருந்தா கெட்டுப் போயிருப்பா. சொல்லல. ஒரு தடவகூடச் சொல்லல.

கல்யாணம் ஆயிருச்சுங்களா உங்களுக்கு? ஆயிருச்சா, நல்லது. உங்கூட்டம்மாவை எதுக்கு வைவீங்க? வெக்கப்படாமச் சொல்லுங்க, அதுல ஒன்னை நான் எடுத்துக்கறேன். சொல்ல மாட்டீங்களா? சரி விடுங்க. கோவம் வந்தா ஏதாவது இருக்குமில்ல, செலவு பண்றது, எதுத்துப் பேசறது, பொறந்த ஊட்டுக்குப் போயி உக்காந்துக்கறது. எங்கூட்டம்மாகிட்ட அதுல ஒன்னுகூட இல்லீங்களே. இப்படி ஒருத்தியை வெச்சுட்டு மனுசன் என்னதான் பண்ணுவான்?

மணி என்னங்க? நாலாகலையே. அப்பறம் ஏன் கதவைத் தொறந்து வெச்சிருக்காங்க? அங்க நிக்கறது சங்கவிதானே, பச்சைச் சுடிதாரு. கையைக் காட்டிக் கூப்புடறா. பக்கத்துல டாக்டரா? எனக்குத் தூரத்துப் பார்வை சரியா இல்ல. அவ அழுதுட்டு நிக்கறாளான்னு பாத்துச் சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க.

இருங்க, எந்திரிக்கறேன். காலு மரத்துப் போச்சு, கொஞ்சம் கையைக் குடுங்க. வெறுங்கையோட எப்படித் தம்பி உள்ள போறது? போயி அவ மூஞ்சியைப் பாத்துட்டு நான் என்னத்தைப் பேசுவேன்?

கிடைச்சுருச்சு. தம்பி, ஒன்னு கிடைச்சுருச்சுங்க. இத்தனை வருஷத்துல அவ என்னைய ஒரு வார்த்தை வைஞ்சதில்லீங்க. எதுத்து ஒன்னு சொன்னதில்ல, மூஞ்சியைத் திருப்புனதுகூட இல்ல. வைஞ்சிருக்கணுமில்ல? என் லைன்ல வேலை பாத்தவதானே அவ, வைஞ்சாத்தான் ஆளு தேறும்னு அவளுக்குத் தெரியாதா? ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் நான் வைஞ்சு தேத்துனேன். என்னையத் தேத்தறதுக்கு அவ ஒருத்திதான் இருந்தா, அவ கம்முனு இருந்துட்டா. அவ மட்டும் வைஞ்சிருந்தா நானும் நல்லா வந்திருப்பேனுங்க.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்னு கெடையாது. இதுக்குத்தான் வையப் போறேன். மாஸ்க்கு போட்டிருந்தாலும் காதுல விழுகற மாதிரி நல்லாச் சத்தமா வையறேன். நீங்க அந்தக் கதவுக் கண்ணாடிகிட்ட நின்னு, நம்பர் ஏறுதான்னு மட்டும் கொஞ்சம் பாருங்க.